சர்க்கரைக்கொல்லி எதைக் கொல்லுகிறது?

சிறுகுறிஞ்சான் இலையொன்றை நன்றாய் மென்று, சாறு நாவெங்கும் பட்டபின் ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பதுபோலிருக்கும். உப்பும் புளிப்பும் தெரியும். இனிப்பு மாத்திரம் தெரியாது. ஏறக்குறைய அரைமணி முதல் ஒருமணி நேரம் இந்நிலை நீடிக்கும். ஆகவேதான் நம்மவர் இக்கொடியைச் ‘சர்க்கரைக்கொல்லி’ என்றனர். மும்பையிலும் டெல்லியிலும் நாட்டுமருந்துக் கடைகளில் ‘குட்மார்’ என்று விற்கப்படுவதும் இதுவே. வெல்லத்தைக் கொல்வது என்று பொருள்.

இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவில் இனிப்பை அறியும் இடங்களைச் சற்றுநேரம் அடைத்துவிடுகின்றன. நாவில் இனிப்பு மறைந்ததனால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டதென்று எண்ணுவோர் நம் குடும்பங்களில் அநேகர். சுவை தெரியாமல் உண்ட லட்டும் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும்.

அப்படியானால் பயனே இல்லையோ? இருக்கக்கூடும். 1990-ல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், மாத்திரை உட்கொண்டுவந்த 22 பேருக்கு இவ்விலையின் சாரம் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுக்கப்பட்டது. சர்க்கரை அளவு குறைந்தது. ஐவர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. எனினும் 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மற்ற 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டதே! மேலும், அளவிட்டுத் தயாரித்த சாரமும் கடையில் பொட்டலமாய்க் கட்டித்தரும் இலைத்தூளும் ஒன்றல்ல.

இன்சுலின் போட்டே தீரவேண்டிய பிள்ளைகளுக்கு எந்த இலையும் மாற்றாகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதனைத் தவிர்ப்பது நலம்.

உபவாச ஜெபத்திற்குச் செல்வோர் இதைக் கவனிக்கவேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், குறிஞ்சான் தூளையும் சேர்த்துக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை அளவுக்குமீறித் தாழக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அருகிலிருப்போர் அதை வேறுவிதமாய் எண்ணிக் காத்திராமல், நினைவு தெளிவாயிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பரிசோதிக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உபவாசத்திற்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவைக் கேட்டறியுங்கள். தூள் உட்கொள்பவர் அப்பொட்டலத்தையும் எடுத்துச்சென்று காட்டுவாராக.