பிறந்தபோது என்ன எடை?

வாரம் இருமுறை மாலைநேர வகுப்புக்காக நாங்கள் போகிற காலனியில், எட்டாவது படிக்கும் மாணவி ஒருத்தி அடிக்கடி தலைவலி என்று படுத்துக்கொள்வாள். மருத்துவ முகாம் ஒன்றில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 138/88. "சின்னப் பிள்ளைக்கு ஏது பிரஷர்? மெஷின் சரியில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு மருத்துவர் மூன்று தனித்தனி நாட்களில் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது. 13 வயதுக்கு மேல் 130/80 என்பதே அதிகம். தலைவலி, கண்ணாடி போட்டதும் போய்விட்டது. அது வேறு கதை. ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி எதுவும் காட்டாது.

அந்த மருத்துவர் முதலில் கேட்டது, "பிறந்தப்ப என்ன எடை?"

அம்மா யோசிக்கவேயில்லை. "ஒண்ணே முக்கால் கிலோ. கரும்பு வெட்டிக்கிட்டு இருந்தேன், எட்டாம் மாசமே வலி வந்துடுச்சு. இப்பதான் தேறிட்டாளே தோழர்?"

இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேறுவது வெளியே தெரியும் உடம்புதான். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகளில் பாதிக்கு மேல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. பிறந்து சில வாரங்களுக்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. வயிற்றில் இருக்கும்போது சத்து குறைந்தாலும், முன்கூட்டியே பிறந்தாலும், அந்த எண்ணிக்கை குறையலாம். குறைவானவற்றைக் கொண்டு அதே வேலையைச் செய்யும்போது உப்பு தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. எடை குறைந்து பிறந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் சில புள்ளிகள்தான். ஆனால் மெலிந்து பிறந்த பிள்ளை பின்னால் வேகமாகச் சதை போட்டால் ஆபத்து கூடுகிறது. புனேயில் எட்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், சிறிதாகப் பிறந்து பிறகு பெரிதாக வளர்ந்தவர்களுக்கே இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்தன. பசிக்குப் பத்து ரூபாய் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய தாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் தயங்கினோம்.

இதெல்லாம் தெரியவந்ததே ஒரு நோட்டுப் புத்தகத்தால்தான். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் மருத்துவச்சிகள் வீடுவீடாகப் போய்ப் பிறந்த எடையைக் குறித்து வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அதைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் பின்னாளில் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார். எடை குறைந்து பிறந்தவர்களிடையே இதயநோய்ச் சாவு அதிகமாக இருந்தது.

நம் ஊர் நர்சம்மாவும் அட்டையில் எடையை எழுதத்தான் செய்கிறார். தடுப்பூசி முடிந்ததும் அட்டை கூரை இடுக்கில் செருகப்படுகிறது. மழைக்கு நனைகிறது. பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள். பிறந்த எடையை யாரும் கேட்பதில்லை.

இதைச் சாதியின் ரத்தம் என்று யாராவது திரித்தால் ஏற்க மாட்டோம். தாயைக் குற்றம் சொன்னாலும் ஏற்க மாட்டோம். தமிழ்நாட்டில் அரசு ஊழியப் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். போராடிப் பெற்ற உரிமை அது, இருக்கட்டும். கரும்புக் கொல்லையில் நிற்கிறவளுக்கு ஒரு நாள்கூட இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணை தவணையாக வருகிறது. அதற்குள் அவள் எத்தனை கட்டு சுமந்திருப்பாள்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நிலமில்லாத தெருவில் நிலைமை என்னவாக இருக்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். குழந்தைகளின் கைக்கேற்ற பட்டை வேண்டும். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும். பள்ளிப் பரிசோதனையில் எடை குறைந்து பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

சென்ற ஞாயிறு காலனியில் வீடுவீடாகப் போய் அட்டைகளைக் கேட்டோம். 31 வீடுகளில் 12 அட்டைகள் கிடைத்தன. மற்ற வீடுகளில் அம்மாக்கள் நினைவிலிருந்து சொன்னதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது அந்த நோட்டு அந்த மாணவியிடம் இருக்கிறது.