காயத்துக்கு நீதி – 9: விசாரிப்பவரை நியமிப்பது யார்?

சென்ற வாரம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைப் பார்த்தோம். 2022இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் அந்தத் தொகை ஒரு தொழிலாளியின் கைக்கு வருவதும் வராமல் போவதும் விசாரிக்கிறவரைப் பொறுத்தது. அவரை அந்த ஆசனத்தில் உட்கார வைப்பது யார் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

மாபோலவில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பிளாஸ்டிக் அச்சு மெஷினில் போனவை. மருத்துவ அறிக்கைகளை ஒரு சிலிசிலிப் பையில் போட்டு, கை படாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு வருவார். மெஷினின் காப்புத் தட்டை அவரே கழற்றிவிட்டார் என்று நிர்வாகம் சொல்கிறது. “தட்டோட வேலை செஞ்சா ஒரு ஷிஃப்ட்டுக்குச் சொன்ன கணக்கு வராதுண்ணே. எல்லாரும் கழற்றித்தான் ஓட்டுவோம், சுப்பவைசருக்கும் தெரியும்” என்கிறார் அவர்.

சட்டம் இந்த இடத்தில் மிகவும் கூர்மையானது. மரணம் நேராத காயமென்றால், தொழிலாளி வேண்டுமென்றே காப்பை அகற்றியதால் வந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பல்ல. அந்த ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்குள்தான் இந்த இளைஞரின் இரண்டு விரல்களும் கிடக்கின்றன. மெஷின் ஓடும் தளத்தை ஒருபோதும் மிதிக்காத ஒருவர், “ஏன் கையை உள்ளே விட்டாய்?” என்று கேட்பார். தளத்தை அறிந்தவர் கேட்கும் முதல் கேள்வி வேறு: “ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை உருப்படி கேட்டார்கள்?”

இந்த ஆசனத்தின் கதை நம் நாட்டில் பெரிய அரசியலமைப்பு வழக்குகளைக் கடந்து வந்தது. 1972க்கு முன்பிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 55ஆம் பிரிவு, நீதித்துறை அலுவலர்களை நியமிக்கும் அதிகாரத்தை நீதிச் சேவை ஆணைக்குழுவிடம் கொடுத்தது. அமைச்சரின் விருப்பு வெறுப்பு நீதிபதியைத் தீண்டக் கூடாது என்பதே நோக்கம். 1958இல் வந்த இலஞ்சத் திருத்தச் சட்டமோ, இலஞ்ச விசாரணைச் சபையின் உறுப்பினர்களை நீதி அமைச்சரின் ஆலோசனையின் பேரில் மகாதேசாதிபதி நியமிக்கலாம் என்றது. அந்தச் சபை தண்டித்த ஒருவரின் வழக்கு, இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்ற பெயரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. நியமனம் ஆணைக்குழுவின் கையால் நடக்கவில்லை, ஆகவே தண்டிக்க அந்தச் சபைக்கு அதிகாரமில்லை என்று 1964இல் தீர்ப்பு வந்தது. சபை நேர்மையாக விசாரித்ததா என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. நியமனம் பிழைத்தது, விசாரணையும் அதோடு விழுந்தது.

அடுத்த அலை தொழில் நியாய சபைகள்மீது அடித்தது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 1957இல் செய்த திருத்தத்தால் பிறந்தவை அவை. வேலைநீக்கம், பணிக்கொடை போன்றவற்றை விசாரிப்பவை. காயத்துக்கான நட்டஈடு வேறு வழியில், வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும். ஆனாலும் இரண்டு வாசலிலும் நிற்பவர்கள் அதே மனிதர்கள்தான். நியாய சபைத் தலைவர்களை அப்போது நியமித்தது பொதுச் சேவை ஆணைக்குழு. ரணசிங்க வழக்கின் தர்க்கத்தைப் பின்பற்றி, இதுவும் செல்லாது என்றது நம் உயர் நீதிமன்றம். ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம் எதிர் தேவநாயகம் வழக்கில், 1967இல் பிரிவிக் கவுன்சில் அதை மாற்றியது. நியாய சபைத் தலைவர் 55ஆம் பிரிவின் பொருளில் நீதித்துறை அலுவலர் அல்ல என்று மூவர் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள்.

எனக்கு அந்த இருவரின் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. தொழிலாளியின் பிழைப்பை ஒரு கட்டளையால் முடிவு செய்பவர் நீதிபதியல்லாமல் வேறு யார்? அதிலும் நியாய சபையின் கட்டளைக்கு எதிரான மேன்முறையீடு சட்டப் பிரச்சினையில் மட்டுமே எடுபடும். நடந்தது என்ன என்பதை முதலில் கேட்கும் அந்த ஒருவரே பெரும்பாலும் கடைசி ஆள். 1972 அரசியலமைப்பு கீழ்நிலை நீதிபதிகளின் நியமனத்தையே அமைச்சரவையிடம் கொண்டுபோனது. 1978இல் நீதிச் சேவை ஆணைக்குழு திரும்பி வந்தது. இன்று தொழில் நியாய சபைத் தலைவர்களை அந்த ஆணைக்குழுவே நியமிக்கிறது.

இந்தியாவில் நட்டஈட்டு ஆணையாளராவதற்கான தகுதியை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதி வைத்தது. மாநில நீதித்துறையிலோ வழக்கறிஞராகவோ ஐந்தாண்டு, அல்லது ஆளணி, தொழில் உறவுகளில் அனுபவமுள்ள அரச உயரலுவலராக ஐந்தாண்டு. கடைசி வழி எனக்கு உறுத்துகிறது. திணைக்களத்தில் இன்று மேலதிகாரிக்குக் கீழ்ப்படிகிறவர் நாளை அதே திணைக்களத்தில் இருந்துகொண்டே நடுவராக இருப்பது சங்கடமானது.

கனடாவின் ஒன்ராறியோ வேறு விதமாக யோசித்தது. நம்மவர் ஆயிரக்கணக்கில் உழைக்கும் ஸ்காபரோ அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. வேலைத்தளக் காயங்களுக்கான மேன்முறையீட்டு மன்றம் அங்கே 1985இல் தொடங்கியது. சில வழக்குகளைத் துணைத் தலைவர் ஒருவரே கேட்பார். மற்றவற்றில் மூவர் அமர்வார்கள்: துணைத் தலைவர், முதலாளிமார் தரப்பிலிருந்து ஓர் உறுப்பினர், தொழிலாளர் தரப்பிலிருந்து ஓர் உறுப்பினர். காப்புத் தட்டின் கதையைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் அந்த மேசையிலேயே இருக்கிறார். நியமிப்பது மாகாண அமைச்சரவை என்றாலும், போட்டியும் தகுதியும் அடிப்படையாக வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பதவிக்காலம் முதலில் இரண்டு ஆண்டு, பிறகு மூன்று, பிறகு ஐந்து. மொத்தம் பத்து.

அங்கும் ஓட்டை உண்டு. இரண்டாண்டு முடிகிற நேரத்தில் மறுநியமனத்தை எதிர்பார்த்திருப்பவர் அரசாங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியுமா? 1990களில் மாகாண அரசாங்கம் தொழில் உறவுகள் சபையின் துணைத் தலைவர்கள் மூவரைக் காலம் முடியும் முன்பே விலக்கியது. அது சட்டவிரோதம் என்று 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வேலைத்தளக் காயங்களுக்கான அந்த மேன்முறையீட்டு மன்றத்தின் முதல் தலைவரான ரொன் எல்லிஸ், பின்னாளில் ஒரு புத்தகமே எழுதி, அரசாங்கத்தின் தயவில் பதவி வகிப்பவர்கள் அரசாங்கம் சம்பந்தப்பட்ட உரிமைகளைத் தீர்மானிக்கும் அமைப்பே பிழை என்று வாதிட்டார்.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வத்தளை, பேலியகொடை, ஏக்கல பக்கமுள்ள பட்டறைகளில் தமிழ் பேசும் தொழிலாளர் நிறையப் பேர். மேல் மாகாணத்தில் நீதிமன்ற மொழி சிங்களம். தமிழில் சமர்ப்பிக்கவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆனால் ‘கழற்றித்தான் ஓட்டுவோம்’ என்ற வாக்கியம் மொழிபெயர்ப்பில் ‘கழற்றினேன்’ என்று சுருங்கிப் போனால், மாபோல இளைஞரின் வழக்கு அந்த இடத்திலேயே தோற்றுவிடும். நியமிக்கப்படுபவர்களில் தமிழறிந்தவர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக நடக்கிறது. வரைவு எப்போது மேசைக்கு வந்தாலும், தொழிற்சங்கங்கள் அபராதத் தொகையைப் பார்க்கும் முன்பு நியமனப் பிரிவைத் திறந்து பார்க்கட்டும். நியமிப்பது அமைச்சரா, ஆணைக்குழுவா? பதவிக்காலம் எவ்வளவு, யார் விலக்கலாம்? தொழிலாளர் தரப்புக்கு ஆசனம் உண்டா, அதற்குப் பெயர் சொல்வது எந்தச் சங்கம், சங்கமே இல்லாத பட்டறைக்காரருக்காகப் பேசுவது யார்? கடைசிக் கேள்விக்கு ஒன்ராறியோவின் ஏற்பாடு முழு விடையல்ல. மாபோல இளைஞரின் பட்டறையிலும் சங்கம் கிடையாது.

(தொடரும்)