பரம்பரையும் பட்டினியும்

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பர் நம் முன்னோர். இல்லங்களைச் சந்திக்கச் செல்லுமிடங்களில், “எல்லாம் பரம்பரை, சாமி, நம் கையில் என்ன இருக்கிறது?” என்னும் பெருமூச்சை நாம் கேட்பதுண்டு. பரம்பரை என்பது எழுதி முடிக்கப்பட்ட தீர்ப்புத்தானா?

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதியே அமைந்துள்ளது. அவ்வாறாயின் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் இருப்பது எவ்வாறு? ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய மரபணுக்களை இயக்கி, ஏனையவற்றை அடக்கி வைக்கிறது. பால் சர்க்கரை கிடைத்தால் மட்டுமே அதைச் செரிக்கும் மரபணுக்களை இயக்கும் பாக்டீரியாவைக் கொண்டு, பிரெஞ்சு அறிஞர்களான ஜாக்கோபும் மோனோவும் இக்கட்டுப்பாட்டை 1961-இல் விளக்கினர். 1965-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மனித உயிரணு கையாளும் வழிகளுள் ஒன்று, ‘மெத்தில்’ என்னும் சிறு வேதிக்கூறை டி.என்.ஏ. இழையில் பொருத்துவதாகும். பெரும்பாலும் அது பொருந்திய இடத்து மரபணு அடங்கி நிற்கும். உயிரணு இரண்டாகப் பிரியும்போது இவ்வடையாளமும் படியெடுக்கப்படுகிறது. மரபணுவின் எழுத்துகளோ மாறுவதில்லை.

இனி ஒரு துயர வரலாறு. 1944 செப்டம்பரில் நெதர்லாந்து இரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பழிவாங்க, ஜெர்மானியப் படையினர் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். குளிரில் கால்வாய்களும் உறைந்தன. ஒருவருக்குரிய நாள் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கிற்று. 1945 மே மாதத்தில் விடுதலை வருமுன் 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்பட்டினிக் காலத்தில் கருவில் உருவானவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் அறிஞர்கள் ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். வளர்ச்சிக்குத் துணைபுரியும் ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில், அவர்தம் உடன்பிறந்தாரைவிட அவர்களுக்கு மெத்தில் அடையாளங்கள் குறைந்திருந்தன. கருவின் இறுதி மாதங்களில் பட்டினியைக் கண்டவர்களிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. கருவின் தொடக்க நாட்கள் எத்துணை மென்மையானவை!

இவ்வடையாளங்கள் பேரப்பிள்ளைகள் வரை செல்லுமா? செடிகளில் தலைமுறை கடந்து செல்வது அறியப்பட்டுள்ளது. மனிதரிலோ, கரு உருவாகுங்கால் பெரும்பாலானவை துடைக்கப்பட்டுப் புதிதாய் எழுதப்படுகின்றன. ஆகவே முன்னோர் பட்ட துன்பமெல்லாம் நம் உடலில் எழுதப்பட்டுவிட்டதென அஞ்ச வேண்டுவதில்லை.

நோயுற்ற பிள்ளையைக் கண்டதும் பெற்றவளைப் பழிப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். அந்நெதர்லாந்துத் தாய்மார் குற்றமற்றவர்கள்; உணவைத் தடுத்தவர்களே குற்றவாளிகள். நம் வீடுகளில் சூலுற்ற மருமகள் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதை இறுதியில் உண்ணும் வழக்கம் இன்னும் இருக்குமாயின், அதை இன்றிரவே மாற்றுவோம். முதற்பந்தியில் அவளும் அமரட்டும்.