புல்வெட்டி இயந்திரம்: 15 மீட்டர் தள்ளி நிற்பது ஏன்?

செம்பனை மரத்தைச் சுற்றிப் புல்லை வட்டமாக வெட்டி வைத்திருப்பதைத் தோட்டப்புற மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். குலையை வெட்டும்போது சிதறும் உதிரிப்பழங்கள் புதருக்குள் மறைந்துவிட்டால் பொறுக்குவது கடினம். மரத்திற்கு இட்ட உரத்தையும் களை தின்றுவிடும்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அன்று முதல் இன்றுவரை களையெடுப்பு ஓயாத வேலைதான். கத்திக்கும் மண்வெட்டிக்கும் பிறகு களைக்கொல்லி மருந்துகள் வந்தன. அவற்றுள் கொடிய நஞ்சான பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் புல்வெட்டியின் இரைச்சலோ பெஸ்தாரி ஜெயா முதல் சபாக் பெர்ணம் வரை தோட்டம், லயம், பள்ளித் திடல், கோயில் வளாகம் எங்கும் கேட்கிறது.

இந்த இயந்திரத்தின் கையேடுகள், வெட்டுபவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்கின்றன. ஏன் இவ்வளவு தூரம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வட்டக் கத்தியின் விட்டம் 255 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 0.8 மீட்டர். நிமிடத்திற்கு 7,000 முறை சுழன்றால், விநாடிக்கு ஏறக்குறைய 117 சுற்று. ஆக, கத்தியின் விளிம்பு விநாடிக்கு 93 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மணிக்கு ஏறத்தாழ 335 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையின் வேக வரம்பான 110 கிலோமீட்டரைப் போல் இது மூன்று மடங்கு.

அந்த விளிம்பு ஒரு கல்லில் பட்டு, கல் அதில் பாதி வேகத்தில் பறந்தாலும், 15 மீட்டரை அது கடக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். விலகி ஓட நேரமே இருக்காது. மேலும், வேகம் இரு மடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். அதனால்தான் சின்னஞ்சிறு கல்லும் கண்ணைப் பறிக்கக்கூடும்.

எனவே வேலை தொடங்குமுன் கல், கம்பி, போத்தல், டின் ஆகியவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். கத்திக்குப் பின்னுள்ள காவல் தகட்டைக் கழற்றவே கூடாது. வெட்டுபவர் கண்ணாடியும் முகக்கவசமும் நீண்ட காற்சட்டையும் கனமான பூட்சும் அணிய வேண்டும். கத்திக்குப் பதிலாகச் சங்கிலி போன்ற உலோகத் துண்டுகளைக் கோத்த தலைகளைப் பொருத்துவது இன்னும் ஆபத்து. துண்டு கழன்றால் தோட்டாபோல் பறக்கும். இவற்றை ஐரோப்பிய ஆணையம் 2012-இல் தடை செய்தது.

கத்தி ஏன் உதைக்கிறது?

பெரும்பாலான இயந்திரங்களில், மேலிருந்து பார்த்தால் கத்தி இடஞ்சுழியாகச் சுற்றும். அதைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பகுதி மரக்கட்டையில் மோதினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசை கத்தியை வலப்பக்கமாக உதைத்துத் தள்ளும். ஆகவே, கத்தியின் இடப்பகுதியால், வலமிருந்து இடமாக வீசி வெட்டுவதே முறை.

பெட்ரோலில் எண்ணெய் எதற்கு?

இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் இரு வீச்சு எஞ்சின் இருக்கும். இதில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனின் உராய்வைக் குறைக்கிறது. கையேடு 50:1 என்றால், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர் எண்ணெய். குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கூடினால் புகை கக்கி, ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்.

சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, சிறு பொறியிலும் தீப்பற்றும். எஞ்சின் ஆறிய பிறகு ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, சில மீட்டர் தள்ளிப் போய்த்தான் இயக்க வேண்டும்.

பராமரிப்பு

காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் எஞ்சின் திணறும். பஞ்சு வகை வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்திப் பொருத்தலாம். விரிசல் விட்ட கத்தியை ஒட்டவைக்காமல் தூக்கி எறிய வேண்டும். விசையை விட்டதும் கத்தி நின்றுவிடாது. நிலைமத்தால் சில விநாடி சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, கத்தி முழுமையாக நின்று, பிளக் தொப்பியைக் கழற்றிய பின்னரே கத்தியைத் தொடலாம். எஞ்சின் சும்மா ஓடும்போதும் கத்தி சுழன்றால், பழுது பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

மாணவர்களே, இந்த இயந்திரத்தை இயக்குவது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை. உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சாப்பாட்டுக்குக் கூப்பிடவோ தண்ணீர் கொடுக்கவோ போகும்போது, அப்பாவின் பின்னால் போய்த் தோளைத் தட்டாதீர்கள். செவிக்காப்பு அணிந்தவருக்கு உங்கள் குரல் கேட்காது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினால் கத்தியும் அவரோடு சேர்ந்து திரும்பும். 15 மீட்டருக்கு அப்பால், அவர் கண்ணில் படும்படி நின்று கையை அசையுங்கள். எஞ்சின் அடங்கி, கத்தி நின்ற பிறகு அருகில் செல்லுங்கள்.