தடை யாருக்கு? சாவு யாருக்கு?

2019 செப்டம்பர் 19-ந் தேதி காலை. திருவான்மியூர் பஸ் டிப்போ அருகே ஒரு டீக்கடை. பெஞ்சியில் கிடந்த பத்திரிகையில், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் சேதி: மின் சிகரெட்டுக்குத் தடை!

மூட்டை தூக்கும் தோழர் ஒருவர், காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தபடியே கேட்டார்:

"என்னண்ணே, நம்ம பீடிக்கு ஒண்ணும் வரலையே?"

"வரலை" என்றேன்.

"அப்ப சரி. அது கம்ப்யூட்டர் கம்பெனிப் புள்ளைங்க ஊதுற சமாச்சாரம். நமக்கென்ன?"

அவர் சிரித்தார்; கடையே சிரித்தது; நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன், தோழர்களே!

மின் சிகரெட் என்பது என்ன? நிக்கோடின் கலந்த திரவத்தை மின்கலத்தால் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவி. அதைத் தடுக்க அவசரச் சட்டம் வருகிறது என்று, முதல் நாள் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே பார்லிமெண்டில் அது சட்டமாயிற்று. தயாரித்தாலோ விற்றாலோ முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நம் மாநில அரசு 2018-லேயே தடை போட்டுவிட்டது.

தடை போட்டது குற்றமா? இல்லை. பள்ளிப் பிள்ளையின் கையில் பழரச வாசனையோடு நிக்கோடினைக் கொடுப்பவனைத் தடுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு. இந்தச் சேதியை ஏடுகள் நமக்கு எப்படிச் சொல்லின? எதைச் சொன்னார்கள், எதை விட்டார்கள்?

அமெரிக்காவில் இக்கருவியால் நுரையீரல் கெட்டுச் சாகிறார்கள் என்று அந்நாளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். உண்மைதான், 2020 பிப்ரவரிக்குள் அங்கே 68 பேர் மாண்டார்கள். ஆனால், ஆராய்ந்து பார்த்தபோது பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவமும், அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெயுமே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. முதல் சேதிக்கு முதல் பக்கம் கொடுத்தவர்கள், பின்னால் வந்த உண்மைக்கு எத்தனை வரி கொடுத்தார்கள்?

இன்னொன்றையும் கேளுங்கள். தடை அறிவிக்கப்பட்ட அன்றே, பங்குச் சந்தையில் சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை ஏறிற்று. போட்டிக்காரன் வாசல் அடைபட்டால் பழைய கடைக்காரனுக்குக் கொண்டாட்டம்தானே! நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில், அரசுக்குச் சொந்தமான எல்.ஐ.சி.க்கு 15 சதவீதத்துக்கும் மேல் பங்கு இருந்தது. இந்தச் சேதியும் ஏடுகளில் வந்தது. எங்கே? வியாபாரப் பக்கத்தில்! பாட்டாளி புரட்டாத பக்கத்தில்!

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2016-17-ல் மத்திய அரசே எடுத்த கணக்கு இது. நாட்டில் புகையிலையை ஏதோ ஒரு வகையில் பயன்படுத்தும் பெரியவர்கள் 26.7 கோடிப் பேர். அவர்களில் பீடி குடிப்பவர்கள் சுமார் 7 கோடி. மின் சிகரெட்டைப் பற்றிக் கேள்வியாவது பட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்! மூன்று பேர் கேள்விப்பட்ட நஞ்சுக்குச் சிறை. கோடிப் பேரைக் கொல்லும் நஞ்சுக்குப் பெட்டிக்கடையில் நெருப்புக் கயிறு! ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்.

பீடியைத் தொட்டால் ஏழைத் தொழிலாளி வயிறு காயுமே என்பார்கள். 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பீடி வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தபோதும் இந்தப் பேச்சுத்தான் எழுந்தது. நெல்லையிலும் தென்காசியிலும் வேலூரிலும் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து, நாளெல்லாம் புகையிலைத் தூசியைச் சுவாசித்துப் பீடி சுற்றும் நம் சகோதரிகள்மீது திடீர் இரக்கம்! அப்படியானால், அவர்களின் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று பீடிமீது வசூலித்த தனி வரியை, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏன் எடுத்தார்கள்? நலநிதிக்கு வந்த காசு நின்றது. நஞ்சின் விலைக்குச் சலுகை வந்தது. இதுவா தொழிலாளிக்குச் செய்யும் உபகாரம்?

திருவான்மியூரிலிருந்து எல்.பி. ரோடு வழியாகப் போனால் சிறிது தூரத்தில் அடையாறு. அங்கே, புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் எழுந்தது புற்றுநோய் ஆஸ்பத்திரி. காலையில் அதன் வாசலில் நின்று பாருங்கள். வெளியூர்ப் பையோடும் வாடிய முகத்தோடும் வருகிற கூட்டத்தில், வேட்டியையும் லுங்கியையும் எண்ணிப் பாருங்கள். யாருக்குச் சாவு என்று அந்த வாசல் சொல்லும்.

சென்ற ஆண்டு நான் அங்கே போனேன். டீக்கடையில் என்னோடு சிரித்த அந்தத் தோழரைப் பார்க்கத்தான் போனேன். தொண்டையில் கட்டி. குரல் போய்விட்டது. என்னைக் கண்டதும் இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோய், பிறகு கையை விரித்துக் காட்டினார். மூட்டை தூக்கிக் காய்த்துப் போன கை அது. "நமக்கென்ன?" என்று அன்று அவர் கேட்டபோது சொல்லாத பதிலை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உங்களிடம்தான் சொல்கிறேன், தோழர்களே! பணக்காரன் பிள்ளைக்கு ஒரு நீதி, பாட்டாளிக்கு ஒரு நீதி வேண்டாம். பீடி சுற்றும் பெண்ணுக்கு மாற்று வேலை, அதுவரை மருத்துவம் என்று கேளுங்கள். புகையை விட நினைப்பவனுக்குத் தொழிற்சாலை வாசலிலேயே மருந்தும் ஆலோசனையும் கேளுங்கள். நம் படிப்பகங்களில் பத்திரிகையை முதல் பக்கத்தோடு மூடாமல், வியாபாரப் பக்கத்தையும் உரக்கப் படியுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் காதில் செருகியிருக்கிறதே, அதை எடுத்துக் கீழே போடுங்கள். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.