பஸ் சாரதிக்குத் தெரியாத இடம்

இரத்மலானை விமானத்தளத்தில் 1935 நவம்பர் 27ஆம் திகதி முதலாவது விமானம் வந்திறங்கியது. டி ஹவிலண்ட் நிறுவனத்தின் புஸ் மொத். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் டகோட்டா காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குக் கிளம்பியதும் இங்கிருந்துதான். இரண்டுமே தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, மூக்கு நிமிர்ந்திருக்கும். அந்த வகை விமானங்களைத் தரையில் நேராக ஓட்டினால் முன்னால் இருப்பதை மூக்கு மறைத்துவிடும். அதனால் விமானிகள் இடமும் வலமுமாக நெளித்து நெளித்து, பக்க ஜன்னலால் எட்டிப் பார்த்தே ஓட்டப் பழகினார்கள்.

விமானத்தள வேலிக்கு வெளியே, காலி வீதியில் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு அப்படி நெளிய இடமில்லை. ஆனால் பிரச்சினை அதேதான்.

சாரதியின் கண்ணை ஒரு விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சம் படாத இடமெல்லாம் அவருக்கு இருட்டு. முன்கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் தூணும் அதையொட்டிய, பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியும் சேர்ந்து 20 சென்ரிமீற்றர் அகலம், கண்ணிலிருந்து 80 சென்ரிமீற்றர் தூரம் என்று கொள்வோம். இரண்டு கண்களாலும் பார்த்தாலும்கூட, 20 மீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் அகலம் மறைந்துபோகிறது. ஓர் ஓட்டோ முழுதாக அதற்குள் அடங்கும்.

இதில் என்னை வியக்க வைப்பது அகலம் அல்ல. பக்க வீதியால் ஓட்டோ வருகிறது, பஸ்ஸும் வருகிறது. இரண்டும் வேகம் மாறாமல் ஒரே நேரத்தில் ஒரே புள்ளியை அடையும்படி நேராக ஓடினால், சாரதியின் கண்ணுக்கு அந்த ஓட்டோ இருக்கும் திசை மாறுவதே இல்லை. தூணுக்குப் பின்னால் ஒருமுறை மறைந்தது மறைந்தபடியே கூட வரும். மிக அருகில் வந்த பிறகுதான் தலைகாட்டும். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வரும் கப்பல் மோதப்போகிற கப்பல் என்பது மாலுமிகளின் பழைய பாடம். மோதாமல் விலகிப் போகவிருக்கும் வண்டி தூணைத் தாண்டித் தானாகவே வெளியே வந்துவிடும். மோதவிருப்பதுதான் ஒளிந்திருக்கும்.

இடப்பக்கம் இதைவிட மோசம். நம் நாட்டில் சாரதி வலப்புறம் அமர்கிறார். இடது கதவுக்குக் கீழே, முன்சில்லை ஒட்டிய இடத்தில் ஒரு சைக்கிள் நின்றால் உயரமான லொறியின் சாரதிக்கு அது நேரடியாகத் தெரியாது. லொறி இடப்பக்கம் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராது, உள்ளே ஒடுங்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5.6 மீற்றர் இருக்கும் ஒரு பஸ்ஸின் முன் அச்சு 10 மீற்றர் ஆரத்தில் தொடர்ந்து திரும்பினால், பின் அச்சு 8.3 மீற்றர் ஆரத்தில் ஓடும். பைதகரஸ் தேற்றம் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கலாம். இரத்மலானை மாலிபன் சந்தியில் சைக்கிள்காரர் பாதுகாப்பு என்று நம்பி நிற்கும் ஓரம், அந்த 1.7 மீற்றருக்குள் அகப்பட்டுவிடலாம். கொன்டெய்னர் இழுக்கும் லொறி இன்னும் அதிகமாக ஒடுங்கும்.

கண்ணாடிகளைக் கூட்டினால் போதாதா? குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும். ஆனால் உருவத்தைச் சிறிதாக்குவதால், கிட்ட வரும் மோட்டார் சைக்கிள் தூரத்தில் வருவதுபோல் தோன்றும். கண்ணாடியும் தன் பின்னால் கொஞ்சத்தை மறைக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் முதலில் பார்த்தது பழசாகிவிடும். கண்ணாடி வழியாகப் பார்ப்பவர், நேரில் பார்ப்பவரைவிடச் சராசரியாக 0.7 விநாடி தாமதித்தே செயற்படுகிறார் என்று லீட்ஸ் பல்கலைக்கழகச் சோதனை காட்டியது. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் வண்டி ஏறத்தாழ ஐந்து மீற்றர் போய்விடும். லண்டன் நகரம் இதனால்தான், 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்குச் சாரதி நேரில் எவ்வளவு காண்கிறார் என்று நட்சத்திரம் போட்டு, 2021 மார்ச் முதல் அதன்படியான அனுமதியைக் கட்டாயமாக்கியுள்ளது. 2024 ஒக்டோபரில் ஒரு நட்சத்திரம் போதும் என்ற நிலை மூன்றாக உயர்ந்தது.

நமது பஸ்களில் கமராவும் உணர்கருவியும் வரும்வரை இருப்பவை இரண்டு. ஒன்று சாரதியின் கழுத்து: திரும்புமுன் உடலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் தூணின் மறைவு இடம்பெயர்ந்து, ஒளிந்தது வெளியே வரும். பழைய விமானி விமானத்தை நெளித்தார், இவர் தலையை நெளிக்கிறார். மற்றது முன்கதவில் தொங்கியபடி "ஹரி, யங்" (சரி, போகலாம்) என்று குரல் கொடுக்கும் நடத்துநர். அவர் ஓரத்தைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தால், எந்தக் கண்ணாடியையும்விட மேலானவர். பாராமல் கொடுத்தால் சாரதியை ஏமாற்றுகிறவர்.

வீதியில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு. ஒளி போகும் வழியில்தான் திரும்பியும் வரும். பஸ்ஸின் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். முகம் தெரிந்தாலும் அவர் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடதுபுறத்தால் முந்தாதீர்கள். பஸ்ஸால் இறங்கியதும் அதன் முன்னால் குறுக்கே போகாதீர்கள். அது போன பிறகு கடவுங்கள்.