சிறுநீர் கூறும் சான்று

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரியை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஏரியில் நீர் குறையும்போது மதகை அடைப்பர். அடைத்த பின்னும் நீர் ஒழுகுமாயின், மதகு பழுதுற்றது என அறிகிறோம். நம் சிறுநீரகமும் இத்தகையதொரு மதகே.

அது நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை உடலுக்கே மீட்டுத் தருகிறது; உப்பையும் அவ்வாறே காக்கிறது. குருதியில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருத்தல் இயல்பு.

கடும் வெப்பத்தில் உழைப்போருக்கு இக்காவல் தளரக்கூடும். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் சிலரிடம் சிறுநீரகச் செயல் குன்றியிருக்கக் கண்டனர்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், உலையருகே உழைக்கும் ஒருவர் வியர்த்து உப்பிழந்து, வெறும் நீரையே பருகி மயங்கினார் எனக் கொள்வோம். குருதியில் சோடியம் 130. கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் இயல்பினும் மிகுந்து 2 மில்லிகிராம். சிறுநீரகம் நீர்வரத்துக் குன்றி வாடியதா? அன்றி, அதன் நுண்குழாய்களே சிதைந்தனவா? முன்னதாயின் உப்புநீர் ஏற்றினால் தேறுவார். பின்னதாயின், அளவு மீறி ஏற்றிய நீர் நுரையீரலில் தேங்கித் தீங்கு செய்யும். இதனைக் குருதிச் சோதனை மட்டும் தெளிவாக்காது.

சிறுநீரில் சோடியம் 20க்குக் குறைந்தால், சிறுநீரகம் உப்பை இறுகப் பற்றுகிறது; 40க்கு மிகுந்தால், நுண்குழாய்ப் பழுதை ஐயுறலாம். 1976ஆம் ஆண்டில் எஸ்பினெல் என்னும் மருத்துவர் இதற்கொரு கணக்கை வெளியிட்டார். நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியனாதலின் கணக்கை மட்டும் விளக்குகிறேன். சிறுநீர்ச் சோடியத்தைக் குருதிக் கிரியாட்டினினால் பெருக்குக. குருதிச் சோடியத்தைச் சிறுநீர்க் கிரியாட்டினினால் பெருக்கி, வந்த தொகையால் முன்னதை வகுத்து, நூறால் பெருக்குக. நம் தொழிலாளியின் சிறுநீரில் சோடியம் 10, கிரியாட்டினின் 120 எனில், விடை ஏறத்தாழ 0.13 விழுக்காடு. ஒன்றுக்குக் குறைந்தால் மதகு நன்று. இரண்டுக்கு மிகுந்தால் பழுது.

எனினும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்டவரிடம் இக்கணக்குப் பிழைபடும். உப்புநீர் ஏற்றிய பின்னரும் சான்று மாறும். ஆகவே உண்ட மருந்துகளை மருத்துவரிடம் மறையாது கூறவேண்டும். நோயாளியின் முதற் சிறுநீரை வீணே கொட்டிவிடாமல் சோதனைக்குக் கொடுக்கவேண்டும். உயிர் காக்கும் செய்தி அதில் இருக்கக்கூடும்.